ஆகாச தீபத்திலிருந்து அறை விளக்கு வரை

நம் குடும்பங்களில் பிள்ளைகள் பொறியியல், மருத்துவம், சி.ஏ. என்று மூன்றே பாதைகளில் போன காலம் மாறிவிட்டது. இப்போது 'டிசைன்' எனப்படும் வடிவமைப்புப் படிப்பில் சேருகிறவர்களும் இருக்கிறார்கள். "விளக்கு செய்வதும் கூடை முடைவதும் ஒரு படிப்பா? அதற்கு இவ்வளவு கட்டணமா?" என்று பெற்றோர்கள் அங்கலாய்ப்பதை லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போதுகூட நான் கேட்டிருக்கிறேன். கேள்வி நியாயமானதுதான். அதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்வதைவிட, அப்படிப்பட்ட ஒரு பயிற்சியை ஆரம்பம் முதல் முடிவு வரை விளக்கிச் சொன்னால் வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

என் தங்கையின் மகள் மதுரையிலிருந்து வந்து, எங்கள் வீட்டில் தங்கி, கொல்கத்தாவில் வடிவமைப்புப் படிக்கிறாள். நான் மின்சாரப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே அவளுக்கு விளக்கு ஒன்று செய்துவரும்படி வகுப்பில் பயிற்சி கொடுத்தபோது, விஷயம் என்னிடமும் வந்தது. அழகு அவள் பொறுப்பு, ஆபத்தில்லாமல் எரிவது என் பொறுப்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். பிறகுதான் தெரிந்தது, அந்த இரண்டையும் அப்படிப் பிரிக்க முடியாது என்று.

பயிற்சியின் நிபந்தனைகள் நான்கு. விளக்கு கையாலேயே செய்யப்பட வேண்டும். கடையில் விற்கும் ஷேடு எதையும் பயன்படுத்தக் கூடாது. பொருள்கள் இந்த ஊரிலேயே கிடைப்பவையாக இருக்க வேண்டும். இந்த நகரம் அறிந்த ஏதாவது ஒரு விளக்கு அதற்கு வேராக இருக்க வேண்டும். கண்காட்சி நாளன்று காலை முதல் மாலை வரை அது தொடர்ந்து எரிய வேண்டும்.

இந்த ஊரின் விளக்குகள்

மூன்றாவது நிபந்தனைக்குக் கொல்கத்தாவைப் போல வசதியான ஊர் வேறு இல்லை. 1857-இல் இங்கே தெருக்களில் காஸ் விளக்குகள் ஏற்றப்பட்டன. மின்விளக்கு எரிவதை 1879-இலேயே இந்த ஊர் மக்கள் ஒரு செய்முறைக் காட்சியில் பார்த்துவிட்டார்கள். 1899-இல் இமாம்பாக் சந்தில் மின் நிலையம் தொடங்கி, மின்சாரம் வீடுகளுக்கு வரத் தொடங்கியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இங்கே குடியிருந்தவர்களுக்கு மின்வெட்டு நேரத்து அரிக்கேன் விளக்கும் மறந்திருக்காது.

விளக்கென்றால் சந்தன்நகரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்து, 1954-இல் மேற்கு வங்கத்தோடு இணைந்த அந்த ஊர், ஹவுராவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது. ஜகத்தாத்ரி பூஜையின்போது ஊரே ஒளியில் மிதக்கும். சின்னஞ்சிறு பல்புகளை மூங்கில் சட்டங்களில் வரிசையாகக் கட்டி, மயில் தோகை விரிப்பது போலவும், ரயில் ஓடுவது போலவும் காட்டும் கலையின் முன்னோடி ஸ்ரீதர் தாஸ் என்பவர். அதன் சூட்சுமம் எளிமையானது. ஓர் உருளையின் மேல் தகட்டுத் துண்டுகளைப் பதித்துச் சுழல விடுவார்கள். சுழலும்போது ஒவ்வொரு தகடாக மின் தொடர்பைத் தொட்டு விலகும். அதற்கேற்பப் பல்பு வரிசைகள் மாறி மாறி எரியும். நம் கண் அதை அசைவு என்று நம்பிவிடும். பல்புகள் 6 வோல்ட் அளவிலானவை. சுமார் 37, 38 பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தால் வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டுக்குச் சரியாகிவிடும். இன்று அந்தப் பல்புகளின் இடத்தை எல்.இ.டி. பிடித்துவிட்டது, உருளையின் வேலையை மின்னணுச் சாதனங்கள் செய்கின்றன.

ஆனால் என் மருமகள் எடுத்துக்கொண்டது இவற்றில் எதையும் அல்ல. வட கொல்கத்தாவின் பழைய வீடுகளில் கார்த்திக் மாதம் முழுவதும் மாலையில் மொட்டைமாடியில் ஒரு மூங்கில் கழியை நட்டு, அதன் உச்சியில் விளக்கு ஏற்றும் வழக்கம் உண்டு. 'ஆகாஷ் ப்ரதீப்' என்பார்கள். நம் மொழியில் ஆகாச தீபம். முன்னோர்களுக்கு வழி காட்டும் விளக்கு என்பது நம்பிக்கை. காளி பூஜைக்கு முதல் நாள் வீட்டில் பதினான்கு விளக்குகள் ஏற்றுவதும் அதே மாதத்தில்தான். வங்காளிகளின் கார்த்திக் மாதம் முடிகிற சமயத்தில் நம் கார்த்திகை பிறக்கிறது. நாமும் அகல் வரிசை ஏற்றுகிறோம், சொக்கப்பனை கொளுத்துகிறோம். "இவங்க முடிக்கிற இடத்துல நாம ஆரம்பிக்கிறோம் மாமா. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு விளக்கு செய்யலாமே" என்றாள். இன்று மாடிகள் குறைந்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிவிட்டன. கழி நட இடமில்லாத குடும்பம் தன் கூடத்தில் தொங்கவிடக்கூடிய ஓர் ஆகாச தீபம் என்பதுதான் அவள் எண்ணம்.

முதலில் கேள்விகள்

படம் வரைந்துதான் வடிவமைப்பைத் தொடங்குவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். கேள்விகளை எழுதித்தான் தொடங்குகிறார்கள். இந்த வழிக்கு நம் நாட்டிலேயே ஒரு புகழ்பெற்ற உதாரணம் இருக்கிறது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியர் அரசின் அழைப்பின் பேரில் இந்தியா முழுவதும் சுற்றிப் பார்த்து 1958-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் 1961-இல் உருவானதற்கு அந்த அறிக்கை அடிப்படை. அதில் அவர்கள் மிகவும் வியந்து எழுதிய பொருள் அரண்மனையும் அல்ல, சிற்பமும் அல்ல; நம் வீட்டுச் செம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தலையில் வைப்பார்களா, இடுப்பில் வைப்பார்களா, சாய்த்தால் எப்படி ஊற்றும், கையால் தேய்க்க வருமா, என்ன விலை ஆகும் என்று அடுக்கடுக்காகக் கேள்விகளை எழுப்பி, அத்தனைக்கும் அந்தச் செம்பு பதில் வைத்திருக்கிறது என்று காட்டினார்கள்.

அதே போல விளக்குக்கும் ஒரு பட்டியல் போட்டோம். யார் வீட்டில் தொங்கும்? 10 அடிக்கு 12 அடி கூடத்தில். அதன் கீழ் என்ன நடக்கும்? பேச்சு, சாப்பாடு, குழந்தையின் வீட்டுப்பாடம். உட்கார்ந்தவர் கண்ணில் பல்பு குத்துமா? நிற்பவர் தலையில் இடிக்குமா? பல்பு போய்விட்டால் யார் மாற்றுவார்கள்? ஆடி, ஆவணி மழை ஈரத்தில் தாள் தொய்யுமா? மூங்கில் உளுத்துப் போகுமா? தூசியை எப்படித் தட்டுவது? இந்தக் கடைசிக் கேள்வி கொல்கத்தாவில் எவ்வளவு முக்கியம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பல்பை மறைத்து வெளிச்சத்தைக் காட்டுவது

விளக்குக்கு ஷேடு எதற்கு? அழகுக்கு என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் கண் கூசாமல் இருப்பதற்குத்தான் அது பிறந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த பௌல் ஹென்னிங்சன் 1920-களில் மூன்று அடுக்குத் தட்டுகள் கொண்ட ஒரு விளக்கை அமைத்தார். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பல்பு தெரியாது. ஆனால் மேசைக்கு வேண்டிய வெளிச்சம் தட்டுகளில் பட்டுத் திரும்பி வந்து சேரும். ஏறத்தாழ நூறு வருடமாகியும் அந்த வகை விளக்குகள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன.

மெல்லிய ஒளிக்கு நம் கொல்கத்தாவிலும் ஒரு பாடம் உண்டு. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படம் 1956-இல் வெளிவந்தது. அதில் வரும் காசி வீட்டின் திறந்த முற்றம் காசியில் எடுக்கப்பட்டதல்ல, இங்கே ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். மேலே வானம் கிடையாது. ஸ்டுடியோ விளக்குகளை நேராகப் போட்டால் ஒவ்வொரு ஆளுக்கும் பல நிழல்கள் விழுந்து குட்டு வெளிப்பட்டுவிடும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா என்ன செய்தார் தெரியுமா? முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன் மேல் பட்டுத் திரும்பும்படி வைத்தார். வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து வராமல் அகன்ற பரப்பிலிருந்து வந்ததால் நிழல்கள் கரைந்துவிட்டன. பகல் வெளிச்சம் போலவே ஆகிவிட்டது. ஒளி வரும் பரப்பு பெரிதானால் நிழல் மிருதுவாகும். விளக்கு செய்கிறவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய விதி இது. காகித விளக்கு கண்ணுக்கு இதமாக இருப்பதற்கும் காரணம் அதுவே. சிறிய பல்பின் ஒளியை அது ஒரு பெரிய வெண்பரப்பின் ஒளியாக மாற்றிவிடுகிறது. இசாமு நொகுச்சி என்ற சிற்பி 1951-இல் ஜப்பானின் கிஃபு ஊரில் மூங்கில், தாள் விளக்கு செய்யும் பரம்பரைத் தொழிலைக் கண்டு, அதையே கொண்டு 'அகாரி' விளக்குகளை உருவாக்கி உலகப் புகழ் பெற்றதும் இந்த வழியில்தான்.

இனி எங்கள் கணக்குக்கு வருகிறேன். ஷேடு நீள் உருளை வடிவம். குறுக்களவு 12 அங்குலம், உயரம் 16 அங்குலம். அடிப்பக்கம் திறந்திருக்கும். பல்பின் கீழ் நுனி, ஷேடின் அடி விளிம்பிலிருந்து 7 அங்குலம் மேலே இருக்கும். பல்பின் ஒரு ஓரத்திலிருந்து எதிர்ப்பக்க விளிம்புக்கு ஒரு கோடு இழுத்தால், அதுவும் கிட்டத்தட்ட 7 அங்குலம் தள்ளிப் போகிறது. அதாவது கோடு 45 டிகிரிச் சாய்வில் இறங்குகிறது. விளக்கின் அடி விளிம்பு தரையிலிருந்து 6¾ அடி உயரத்தில் இருந்தால் சராசரி உயரமுள்ளவர் தலையில் இடிக்காது. நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் உயரம் சுமார் 3¾ அடி. வித்தியாசம் 3 அடி. சாய்வு 45 டிகிரி என்பதால் விளிம்பிலிருந்து பக்கவாட்டிலும் 3 அடி. அத்துடன் ஷேடின் பாதி அகலமான அரை அடியைக் கூட்டினால், விளக்குக்கு நேர் கீழிருந்து 3½ அடி தள்ளி உட்கார்ந்த யாருக்கும் பல்பு தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்த முக்கோணம் இங்கே கண்ணுக்குக் காவலாக நின்றது.

மூங்கிலும் நெட்டியும்

சட்டத்துக்கு மூங்கில். குமார்டுலியில் துர்க்கைப் பிரதிமைக்கு மூங்கிலும் வைக்கோலும் கொண்டு 'காட்டாமோ' கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் பலம் தெரியும். மூங்கிலின் பலம் அதன் வெளித்தோல் பக்கத்தில் இருக்கிறது. வளைக்கும்போது தோல் வெளியே இருக்குமாறு வளைக்க வேண்டும். உள்சதையில் மாவுச்சத்து இருப்பதால் பூச்சி அரித்து உளுத்துப் போகும். பிளந்த பிளாச்சுகளைச் சில வாரங்கள் தண்ணீரில் ஊறப்போட்டு அந்தச் சத்தைக் கரைத்து வெளியேற்றுவது பழைய முறை. போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைப்பது இன்றைய முறை. நாங்கள் இரண்டாவதைச் செய்தோம்.

தாளுக்காக பைட்டக்கானா பக்கம் அலைந்தோம். விஸ்வகர்மா பூஜைக்குப் பறக்கவிடும் பட்டங்களின் மெல்லிய தாள் ஒளியை அழகாக விடுகிறது. ஆனால் விரல் பட்டால் கிழிகிறது. கடைசியில் நேபாளத்தில் மரப்பட்டை நாரிலிருந்து செய்யும் 'லோக்தா' தாளை எடுத்தாள். நீண்ட நார் ஓடுவதால் அது எளிதில் கிழியாது; வெளிச்சம் ஊடுருவும்போது அந்த நார்களே கோலமாகத் தெரியும்.

மூன்றாவது பொருள்தான் எங்களை மதுரைக்கும் தஞ்சைக்கும் கூட்டிக்கொண்டு போனது. துர்க்கையின் வெள்ளை ஆபரணங்களும், வங்காள மாப்பிள்ளையின் 'டோபோர்' கிரீடமும் ஷோலாவால் செய்யப்படுகின்றன. வெள்ளைக்காரர் அணிந்த சோலா தொப்பியும் அதனால் ஆனதே. சதுப்பிலும் நீர்நிலையிலும் வளரும் செடியின் தண்டு அது. மேல்தோலைச் சீவினால் பால் வெள்ளையில், பஞ்சு போன்ற எடையில் உட்பகுதி கிடைக்கும். இதை முதலில் பார்த்ததும் மருமகள், "இது நம்ம நெட்டி மாமா!" என்று கூவிவிட்டாள். ஆமாம், மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்குக் கட்டும் நெட்டி மாலையின் நெட்டிதான் வங்காளத்தின் ஷோலா. தஞ்சைப் பெரிய கோயிலைச் சிறிய உருவில் நெட்டியில் செதுக்கும் கலைக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டு ஊர்க் கைவினைஞர்களுக்கும் இடையே ஆயிரம் மைலுக்கு மேல் தூரம். கையில் இருப்பதோ ஒரே செடி.

குமார்டுலியில் ஷோலா வேலை செய்யும் பெரியவர் ஒருவர் அவளுக்குத் தண்டைச் சீவக் கற்றுக்கொடுத்தார். நீண்ட கத்தியை அசையாமல் பிடித்துக்கொண்டு, தண்டைத்தான் உருட்ட வேண்டும். பென்சில் சீவும்போது சுருள் வருவது போல, தண்டு முழுவதும் ஒரே நீளத் தாளாகப் பிரிந்துவரும். அவர் கையில் அது ஓடியது. இவள் கையில் முதல் நாள் முழுக்கத் துண்டு துண்டாக வந்தது. நான்காவது நாள் ஒரு முழம் நீளத்துக்கு வந்தபோது அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடுத்த தண்டை எடுத்துக் கொடுத்தார். அதுவே பாராட்டு என்று நான் புரிந்துகொண்டேன். தெர்மாகோல் வந்த பிறகு அலங்கார வேலைகளில் பாதி அதற்குப் போய்விட்டதென்றும், தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லையென்றும் அவர் சொன்னார். தெர்மாகோல் மலிவு. ஆனால் சூட்டில் உருகிச் சொட்டும். தீப்பிடித்தால் நச்சுப் புகை கக்கும். குப்பையில் போட்டாலும் மக்காது. ஷோலா மண்ணோடு மண்ணாகிவிடும்.

செய்த விதம்

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக அளவுகளோடு சொல்கிறேன்.

கால் அங்குல அகலத்தில் 16 அங்குல நீளமுள்ள எட்டு பிளாச்சுகள் வேண்டும். வளையங்களுக்கு மூன்று நீளப் பிளாச்சுகள். 12 அங்குல வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 37¾ அங்குலம்; ஒன்றின்மேல் ஒன்று படிந்து கட்டுவதற்கு 3 அங்குலம் சேர்த்து 41 அங்குலமாக வெட்டிக்கொள்ளலாம். ஈரமான பிளாச்சை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, கருகாத உயரத்தில், நகர்த்திக்கொண்டே வளைத்தால் வளைந்து கொடுக்கும். கணு வரும் இடத்தில் அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். வளையங்களை மேல், நடு, கீழ் என்று வைத்து, எட்டு நெட்டுப் பிளாச்சுகளையும் சம இடைவெளியில் பருத்தி நூலால் குறுக்குக் கட்டாகக் கட்டி, கட்டுகளின் மேல் ஃபெவிகால் தடவ வேண்டும். ஆணி கூடாது, மூங்கில் பிளந்துவிடும்.

அடியிலிருந்து 14 அங்குல உயரத்தில் இரண்டு மூங்கில் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, நடுவில் ஒரு சிறு மரவட்டைப் பொருத்தினோம். ஹோல்டர் அந்த வட்டில் உட்காரும். ஹோல்டர் 2½ அங்குலமும் பல்பு 4½ அங்குலமும் தொங்கினால், பல்பின் நுனி சரியாக 7 அங்குல உயரத்தில் நிற்கும்.

தாளை எட்டுப் பட்டைகளாக வெட்ட வேண்டும். ஒரு பட்டைக்கு 4¾ அங்குலம், ஒட்டுவதற்கு அரை அங்குலம், ஆக 5¼ அங்குல அகலம். மைதாப் பசையில் மயில்துத்தம் சிறிது கலந்தால் கரப்பானும் பூச்சியும் அண்டாது. புத்தகம் பைண்டு செய்கிறவர்களின் பழைய பழக்கம் இது. மயில்துத்தம் விஷம் என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் தாளின் மேல் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரத்தில் விரிந்த தாள், காயும்போது சுருங்கி, மத்தளத் தோல் போல விறைப்பாக நிற்கும். இப்படிச் செய்தால் மழைக்காலத்தில் தொய்வது குறையும். கடைசியாக, கீழ் வளையத்தைச் சுற்றிலும் வெளிப்பக்கத்தில் 24 தாமரை இதழ்களாக நெட்டித் தாள் வைத்தாள். ஒளி உள்ளிருந்து வரும்போது அந்த இதழ்கள் சங்கு போல வெளுத்துத் தெரிந்தன.

மின்சாரம்

இந்த இடத்தில்தான் எங்கள் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. பழைய பாணி இழை பல்புதான் வேண்டும் என்றாள் மருமகள். "அந்த மஞ்சள் வெளிச்சம் எல்.இ.டி.ல வராது மாமா. ஆகாச தீபம் டியூப் லைட் மாதிரி இருந்தா யாரு ஏத்துக்குவாங்க?" என்பது அவள் வாதம். வெளிச்சத்தின் நிறம் பற்றி அவள் சொன்னது சரியான கவலைதான். ஆனால் வெப்பம்?

இழை பல்பு உண்மையில் ஒரு சின்ன அடுப்பு. அது வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே வெளிச்சமாகிறது, மீதி வெப்பம். 60 வாட் பல்பின் கண்ணாடி 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காற்றோட்டமில்லாத கூட்டுக்குள் இன்னும் ஏறும். தாள் தானாகப் பற்றிக்கொள்ளும் சூடு சுமார் 230 டிகிரி. இடைவெளி உண்டே என்று தோன்றலாம். ஆனால் கண்காட்சி நாளில் மணிக்கணக்காக எரியும்போது, ஓர் இதழ் கழன்று பல்பின் மேல் விழுந்தால் என்ன ஆகும்? வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று, மாடியில் ஒரு 60 வாட் பல்பை எரியவிட்டு, நெட்டித் துண்டு ஒன்றை அதன் மேல் படும்படி வைக்கச் சொன்னேன். பக்கத்திலேயே ஒரு வாளி மணல். ஒரு மணி நேரத்துக்குள் வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகிவிட்டது. அவள் அதை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 2018 செப்டம்பரில் கானிங் தெருவின் பாக்ரி மார்க்கெட் நாட்கணக்கில் எரிந்ததைக் கண்ட ஊர் இது. விளக்குச் சாமான்களின் மொத்த வியாபாரம் நடக்கும் எஸ்ரா தெரு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். நெருப்பைப் பற்றி இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

அவள் கவலைக்கும் வழி இருந்தது. எல்.இ.டி. பல்பின் அட்டையில் 'கெல்வின்' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 6,500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. 2,700 என்றால் இழை பல்பின் அதே மஞ்சள். நம்மில் பலர் வாட்டை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதே என்று எல்.இ.டி.யைக் குறை சொல்கிறோம். 2,700 கெல்வின், 9 வாட் எல்.இ.டி. ஒன்று வாங்கிப் போட்டோம். 60 வாட் இழை பல்பின் வெளிச்சத்துக்கு அது ஈடு. அதிலும் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது. ஆனால் மொத்தமே 5, 6 வாட் வெப்பம். அந்த வெப்பம் பல்பின் கழுத்துப் பகுதியில் சேரும். தலைகீழாகத் தொங்கும்போது கழுத்து மேலே இருப்பதால் சூடான காற்று அங்கேயே தங்கும். பல்பின் ஆயுளும் குறையும். ஆகையால் ஷேடின் மேல்பக்கத்தை மூடாமல் விட்டோம். கீழிருந்து காற்று புகுந்து மேலே வெளியேறும்.

ஒயர் வேலைக்கு நான் வைத்த விதிகள் இவை. முதலாவது, பளு கயிற்றில், மின்சாரம் ஒயரில். ஷேடின் எடையை மூன்று பருத்திக் கயிறுகள் தாங்கிக் கூரைக் கொக்கியில் நிற்கும். ஒயர் தளர்வாகத்தான் வரும். எடை ஒயரில் தொங்கினால் நாளடைவில் ஹோல்டருக்குள் இணைப்பு இழுபட்டுத் தளரும். தளர்ந்த இணைப்பில் பொறி வரும், சூடேறும். இரண்டாவது, ஹோல்டருக்குள் ஒயரில் ஒரு முடிச்சு. யாராவது இழுத்தாலும் முடிச்சு தடுத்துவிடும், திருகில் கட்டிய முனைக்கு இழுவை போகாது. மூன்றாவது, ஒயர் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். செம்பு இழை ஒன்றுகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நடுவில் ஒட்டுப்போடுவது கூடாது. நான்காவது, சுவிட்ச் பேஸ் ஒயரில்தான் வர வேண்டும். நியூட்ரலில் போட்டால் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். திருகு வகை ஹோல்டர் என்றால் வெளி வளையம் நியூட்ரலுக்கும் உள் முனை பேஸுக்கும் போக வேண்டும். பல்பு மாற்றும்போது விரல் படுவது வெளி வளையத்தில்தான். கடைசியாக, விளக்கில் கைபடும் இடத்தில் உலோகம் எதுவும் இருந்தால் எர்த் இணைப்பு அவசியம். எங்களுடையது மூங்கிலும் பேக்கலைட் ஹோல்டரும் என்பதால் அந்தத் தேவை எழவில்லை. பித்தளைக் கிண்ணத்தில் விளக்கு செய்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

எல்லாம் முடிந்து, கண்காட்சிக்கு முதல் நாள் எட்டு மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டோம். மணிக்கு ஒரு தரம் தாளிலும் இதழிலும் கை வைத்துப் பார்த்தோம். வெதுவெதுப்புக்கூட இல்லை.

ஆசிரியை கேட்டது

கண்காட்சியில் ஆசிரியை விளக்கின் அழகைப் பற்றி அதிகம் பேசவில்லை. "பல்பு போய்விட்டால் உங்கள் பாட்டி மாற்றுவாரா?" என்று கேட்டார். கீழே 12 அங்குலம் திறந்திருக்கிறது, கை தாராளமாகப் போகும் என்று இவள் காட்டினாள். கயிற்றைத் தளர்த்தினால் விளக்கு தோள் உயரத்துக்கு இறங்கும். ஸ்டூல் போட்டு ஏற வேண்டியதில்லை. "இதற்கு என்ன விலை போடுவாய்?" என்பது அடுத்த கேள்வி. பொருள்களின் விலையை உடனே சொல்லிவிட்டாள். கைவேலைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டபோது தன் நோட்டைப் பார்த்து 31 மணி நேரம் என்றாள். "அந்த 31 மணி நேரத்துக்குக் குமார்டுலிப் பெரியவருக்கு என்ன கூலி கொடுப்பாயோ அதையும் சேர்த்து விலை சொல்" என்றார். சேர்த்தபோது வந்த தொகையைப் பார்த்து எனக்கே திக்கென்றது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் ஷேடின் விலையைப் போல அது பல மடங்கு. ஆனால் அதில் குறைக்க ஏதாவது இருந்தால், அது அந்தப் பெரியவரின் கூலி ஒன்றுதான். கைவினைப் பொருளைப் பேரம் பேசும்போது நாம் எதைப் பேரம் பேசுகிறோம் என்பதை நான் அன்று புரிந்துகொண்டேன்.

ஒரு விளக்கு செய்வதற்குக் கணக்கு வேண்டியிருந்தது, மின்சாரம் வேண்டியிருந்தது, செடி கொடிகளின் அறிவு வேண்டியிருந்தது, ஊரின் பழக்கவழக்கம் தெரிய வேண்டியிருந்தது, இன்னொருவர் உழைப்பின் மதிப்பும் தெரிய வேண்டியிருந்தது. இது ஒரு படிப்பா என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

வாசகர்களுக்கு ஒரு யோசனை. வரும் கார்த்திகை தீபத்துக்கு நம் சங்கக் குழந்தைகளை உட்காரவைத்து, மூங்கிலும் தாளும் கொடுத்து ஆளுக்கொரு விளக்கு செய்யச் சொல்லலாம். வயதில் சின்னவர்களுக்குப் பாட்டரியில் எரியும் சிறு எல்.இ.டி. போதும்; மின்சார பயமே இல்லை. நெட்டி சீவக் கற்றுக்கொடுக்கக் குமார்டுலிப் பெரியவரை, உரிய சம்பளம் கொடுத்து, அழைத்துவருவது என் பொறுப்பு. தாள் வெட்டவும் பசை காய்ச்சவும் பெரியவர்கள் நாலைந்து பேர் முன்வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.